வாயைச் சுற்றிப் பிறந்த மூளை

ஊசிக் கணவாயைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அதன் உடம்பு கைப்பழக்கம். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வந்துவிடும். கண்ணை வெட்டி எறிந்துவிட்டு, கைகளுக்கு நடுவே கிளிமூக்கு போல இருக்கும் அலகைப் பிதுக்கி எடுப்பார்கள். அந்த அலகுக்குப் பின்னால், இரண்டு கண்களுக்கும் நடுவில், கத்திக்கு வெறும் குருத்தெலும்பாகத் தட்டுப்படும் இடத்தில்தான் கணவாயின் மூளை இருக்கிறது. அந்த மூளையின் நடுவே ஓர் ஓட்டை. அதன் உணவுக்குழாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. கணவாய் விழுங்கும் ஒவ்வொரு வாய் இரையும் மூளையை ஊடுருவிக்கொண்டுதான் வயிற்றுக்குச் சேர வேண்டும். பெரிய துண்டாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. அலகால் நறுக்கி நறுக்கித்தான் அது தின்றாக வேண்டும்.

இந்த ஓட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு, மூளை ஏன் தலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு நம்மிடையே புழங்கும் பதிலைக் கேட்டுப் பாருங்கள். மூளை உடம்பின் அரசன். எனவே இயற்கை அதை உச்சியில் உட்கார வைத்தது. எலும்பால் கோட்டை கட்டிக் காத்தது. கண், காது, மூக்கு என்ற ஒற்றர்களை அதன் பக்கத்திலேயே நிறுத்தியது. வகுப்பறையில் இதைச் சொல்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கான அறிவியல் காணொளிகளிலும் இதுதான். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பழமொழியும் கைகொடுக்கிறது. நானும் இப்படித்தான் படித்தேன். பிறகு பல வருடம், கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இதையே ஒப்பித்தேன். அந்தப் பிழையைத் திருத்தும் கடமை எனக்கு இருக்கிறது.

இந்தப் பதில் தவறு. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. மூளையை எந்தப் பாதுகாப்பான இடத்திலும் யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. ஒரு திசையில் ஊர்ந்து போன சிறு உயிர் ஒன்றுக்கு எந்த முனை முன்னால் போனதோ அந்த முனையில் வாய் திறந்தது, அந்த முனையில் மோப்பமும் ஒளியுணர்வும் கூடின, அங்கேயே நரம்புகள் திரண்டன. அந்தத் திரட்சியைத்தான் நாம் மூளை என்கிறோம். அந்த முனைக்குத்தான் தலை என்று பெயர் வைத்தோம்.

முதலில் உச்சி என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். தலை உச்சியில் இருப்பது இரண்டு காலில் நிற்கிறவர்களுக்கு. மேய்கிற மாட்டின் தலை குளம்பின் மட்டத்தில், அதன் உடம்பிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. வௌவால் தூங்கும்போது தலைதான் தரைக்குக் கிட்டே தொங்குகிறது. மீனின் உச்சி எது என்றால் முதுகுத் துடுப்பைத்தான் காட்ட வேண்டும். பாம்பு, மண்புழு, இறால், கரப்பான்பூச்சி எதற்கும் தலை மேலே இல்லை; முன்னே இருக்கிறது. முதுகெலும்புள்ளவற்றின் முன்னோர்கள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் நீந்தின. அந்த வழியில் வந்தவை கால் ஊன்றிக் கரையேறியது சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் கிளை இரண்டு காலில் நிமிர்ந்ததோ கடைசி 60, 70 லட்சம் ஆண்டுகளுக்குள்தான். அதுவரை முன்னே இருந்தது, நாம் நிமிர்ந்தபோது மேலே போயிற்று. நேற்று நடந்த ஒன்றைக் காரணமாகக் காட்டி 50 கோடி ஆண்டுப் பழமையான ஏற்பாட்டை விளக்க முடியாது.

உச்சியில் அரசன் என்ற படம் கிரேக்கத்திலிருந்தே வருகிறது. பிளேட்டோ தன் 'திமேயஸ்' நூலில் தேவர்கள் தலையை முதலில் படைத்து, அது மேடுபள்ளத்தில் உருண்டு திண்டாடக் கூடாது என்பதற்காக உடம்பை வாகனமாகக் கொடுத்ததாக எழுதினார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ சிந்தனைக்கு இதயத்தை ஆசனமாக்கி, மூளையை உடம்பின் சூட்டைத் தணிக்கும் உறுப்பாக்கினார். இவர்கள் இருவரையும்விட உண்மைக்குக் கிட்டே வந்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலன். பன்றியின் குரல்வளை நரம்பை அறுத்தால் அதன் கத்தல் நின்றுபோகிறது என்று கூட்டத்துக்கு நடுவே செய்து காட்டியவர் அவர். நண்டைப் பார்த்து அவர் ஒரு கேள்வி கேட்டார். நண்டுக்குத் தனியாகத் தலையே கிடையாதே, கண்கள் காம்பின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அப்படியானால் தலை மூளைக்காகத்தான் உண்டானது என்று எப்படிச் சொல்வது? தலை கண்ணுக்காக உண்டானது என்றார் அவர். காவற்காரர்கள் உயரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. உயரம் என்ற இடத்தில் அவரும் தவறினார். ஆனால் தலைக்குக் காரணம் மூளை அல்ல என்பதை 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார். அதற்குப் பிறகும் நாம் பிளேட்டோவின் படத்தையே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பது வருத்தமான விஷயம்.

தலை என்றால் முன் என்பது நம் மொழிக்கே தெரிந்திருக்கிறது. தலைவாசல் வீட்டின் உச்சியில் இல்லை, முன்னால் இருக்கிறது. தலைச்சன் பிள்ளை உயரமான பிள்ளை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. முதலில் வந்த பிள்ளை. தலைப்பிரசவம், தலைதீபாவளி எல்லாம் அப்படியே. முந்தியது, முன்னே நிற்பது, நுழைகிற இடம் என்ற பொருள்களையெல்லாம் அந்தச் சொல் சுமந்துகொண்டிருக்க, நாம் அரியணை என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டோம்.

பாதுகாப்பு என்ற வாதம் இதைவிட வலுவானதாகத் தோன்றும். மண்டையோட்டைத் தட்டிப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எது முந்தியது என்று பார்க்க வேண்டும். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங் பாறைகளிலிருந்து 1999இல் ஹைக்கோயிக்திஸ் என்ற விரல்நீளம்கூட இல்லாத மீன் போன்ற உயிரின் படிவத்தை விவரித்தார்கள். வயது சுமார் 51.8 கோடி ஆண்டு. தலை உண்டு, கண் உண்டு, எலும்பு இல்லை. உடம்பில் எலும்புக் கவசம் பூண்ட மீன்கள் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தே பாறைகளில் தென்படத் தொடங்குகின்றன. இன்றும் லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனுக்கு மூளையைச் சுற்றி இருப்பது குருத்தெலும்புதான். மண்புழுவுக்கு அதுவும் இல்லை. எலும்புள்ள இடத்தைத் தேடி மூளை போகவில்லை. மூளை ஏற்கெனவே இருந்த இடத்தைச் சுற்றிப் பின்னால் எலும்பு வளர்ந்தது. வீட்டைச் சுற்றி மதில் எழுப்பியவர்களைக் காட்டி, மதில் இருந்ததால்தான் அங்கே வீடு கட்டினார்கள் என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் இந்த வாதமும்.

தலை பாதுகாப்பான இடமும் அல்ல. முன்னே போகிற முனைதான் முதலில் மோதும், முதலில் கடிபடும். பாதுகாப்பு ஒன்றுதான் நோக்கம் என்றால் உடம்பின் நடு ஆழம் இருக்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம். அங்கே வைத்திருந்தால் கழுத்து என்ற ஒடுங்கிய பாலத்தைத் தாண்டி இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. ஒட்டகச்சிவிங்கியின் இதயம், இரண்டு மீட்டர் உயரத்திலிருக்கும் மூளைக்கு இரத்தத்தைத் தள்ளுவதற்காக, நம்முடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தத்தில் இயங்க வேண்டியிருக்கிறது. அது தண்ணீர் குடிக்கக் குனியும்போது அந்த அழுத்தத்தைத் தாங்கத் தனி இரத்தக்குழாய் ஏற்பாடு தேவைப்படுகிறது. எலும்புக் கோட்டையும் இந்த இடத்தை முழுக்கக் காத்துவிடுவதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். மண்டையோடு போதும் என்ற நம்பிக்கை அந்தச் சாலைகளில் தினந்தோறும் பொய்யாகிறது. ஆபத்தான இடத்தில்தான் மூளை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தலைக்கவசத்தை மாட்டிவிடும்போது அதைச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது அந்தப் பாதி உண்மை. கண்ணும் காதும் மூக்கும் தலையில் இருக்கின்றன, செய்தி சீக்கிரம் போய்ச் சேரவே மூளை பக்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். படித்தவர்கள் பலரும் திருப்தியடையும் பதில் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாம்பைப் பார்த்ததும் கால் பின்வாங்க வேண்டும். கண்ணிலிருந்து மூளைக்கு ஒரு தூரம், மூளையிலிருந்து காலுக்கு ஒரு தூரம். மூளையை நெஞ்சுக்கு இறக்கினால் முதல் தூரம் அரை மீட்டர் கூடும், இரண்டாவது தூரம் அதே அரை மீட்டர் குறையும். கண்ணிலிருந்து கால்வரை மொத்தத் தூரம் மாறவே இல்லை. வழியில் எந்த ஊரில் நிறுத்தம் என்பதால் பயணத்தின் நீளம் மாறுவதில்லை. அருகாமைதான் எல்லாம் என்றால் இன்னொன்றையும் விளக்க வேண்டும். நம் கண் முகத்தில் இருக்கிறது. அது அனுப்பும் செய்தியை முதலில் வாங்கிப் படிக்கும் மூளைப் புறணியோ பிடரிப் பக்கத்தில், மண்டைக்குள் கண்ணுக்கு மிகத் தொலைவான கோடியில் இருக்கிறது. பின்மண்டையில் அடிபட்டவர்களுக்குப் பார்வை போவது இதனால்தான்.

வேகத்தைவிட இழைகளின் எண்ணிக்கைதான் கணக்கில் வர வேண்டியது. நம் விழித்திரையில் ஒளியை வாங்கும் அணுக்கள் 10 கோடிக்கும் மேல். ஒரு கண்ணிலிருந்து வெளியேறும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம். நூற்றுக்கு மேற்பட்ட அணுக்களின் சேதியை ஓர் இழைக்குள் அடக்கும் வேலை கண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவ்வளவு சரக்கும் வந்திறங்கும் இடத்திலேயே பிரிக்கப்பட வேண்டும். பிரிக்காமல் இழைகளை உடம்பு முழுக்க இழுத்துக்கொண்டு போனால் கழுத்து தாங்காது. ஆகவே புலன் இருக்கும் இடத்தில் நரம்பு திரளும் என்பது உண்மை. இதை நான் மறுக்கவில்லை. பழ ஈயின் மூளை முழுவதையும் இழை இழையாக வரைந்து 2024இல் வெளியிட்டார்கள், 1,39,255 நரம்பணுக்கள். அவற்றில் பாதிக்கு மேல் பார்வைக்கானவை.

ஆனால் இது மூளை ஏன் தலையில் என்ற கேள்வியை, கண் ஏன் தலையில் என்ற கேள்வியாக மாற்றிவைக்கிறதே தவிர, பதில் சொல்லவில்லை. மேலும் நம் விழித்திரை மூளைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட வேறொரு உறுப்பும் அல்ல. கருவில் மூளையின் சுவரே இருபுறமும் பிதுங்கி வெளியே வந்துதான் விழித்திரை ஆகிறது. மூக்கின் உள்கூரையில் நரம்பணுக்களின் நுனியே வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புலன்களும் மூளையும் ஒரே முளையின் இலைகள். அரசனும் ஒற்றனும் என்று அவற்றைப் பிரித்துப் பேசுவதே பிழை.

சிப்பியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விசிறி போன்ற ஓடு கொண்ட ஸ்காலப் என்ற கடற்சிப்பிக்கு ஓட்டின் விளிம்பு நெடுக நீலமணி கோத்ததுபோல் கண்கள். 200 வரைகூட இருக்கும். தலை என்ற ஒன்று அதற்கு இல்லை. வாயருகே ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது, ஆனால் அதன் உடம்பிலேயே பெரிய நரம்பு முடிச்சு அதுவல்ல. விளிம்புக் கண்களின் இழைகள் வந்து சேரும் முடிச்சு உடம்பின் நடுப்பக்கம் இருக்கிறது. பார்வைக்கான மடல்கள் அதில்தான் வளர்ந்திருக்கின்றன. பெட்டி ஜெல்லிமீனுக்கு 24 கண்கள், நாலு பக்கமும் நாலு கொத்தாக. ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனியே சுமார் ஆயிரம் நரம்பணுக்கள். மூளை என்று ஒரே இடத்தைக் காட்ட முடியாது. ஆனாலும் அலையாத்தி வேர்களில் மோதி மோதி, மோதாமல் விலகக் கற்றுக்கொள்கிறது என்று 2023இல் கண்டறிந்தார்கள். உலகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் கண், கண் இருக்கும் பக்கத்தில் நரம்பு. ஜெல்லிமீனுக்கு உலகம் நாலு பக்கமும் வருகிறது. சிப்பிக்கு ஓட்டின் விளிம்பில் வருகிறது. நமக்கும் புழுவுக்கும் மீனுக்கும் ஈக்கும் அது முன்னாலிருந்து வருகிறது.

ஏன் முன்னாலிருந்து? நாம் எல்லாம் ஒரே பக்கமாக நகர்வதால். இதுதான் விஷயத்தின் வேர். புழக்கத்திலுள்ள பதிலில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

தென் ஆஸ்திரேலியாவின் நில்பெனா பகுதியில் 55 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடற்படுகை கல்லாகிக் கிடக்கிறது. அந்தக் கல்லில் நெளிநெளியான சிறு தடங்களை ஆய்வாளர்கள் பல வருடமாகப் பார்த்துவந்தார்கள். தடம் போட்ட உயிர் எது என்று 2020இல்தான் தெரிந்தது. இகாரியா வாரியூட்டியா என்று பெயர் வைத்தார்கள். இகாரா என்பது அங்குள்ள அட்னியாமதன்ஹா மக்களின் மொழியில் கூடும் இடத்தைக் குறிக்கும் சொல். அரிசிமணி அளவு உயிர், ஒரு பக்கம் சற்றுப் பருத்தது. மண்ணைத் துளைத்து அழுகலைத் தின்றுகொண்டு போயிருக்கிறது. அதன் மூளையை யாரும் பார்த்ததில்லை, மென்திசு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அதற்கு முன்பக்கம் ஒன்று இருந்தது, பின்பக்கம் ஒன்று இருந்தது. உயிர்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த அரிசிமணியாக இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரே பக்கமாக ஊர்ந்தால் புதியவை எல்லாம் ஒரே முனையில்தான் எதிர்ப்படும். இரை அங்கே, நஞ்சு அங்கே, எதிரி அங்கே. பின்முனைக்குக் கிடைப்பது ஏற்கெனவே கடந்துவந்த இடம். வாய் பின்னால் இருந்தால் இரையைத் தாண்டிப் போன பிறகுதான் தின்ன முடியும். வாய் முன்னே வந்தால் நுழைவதைச் சுவைத்துப் பார்க்கும் அணுக்கள் வாயருகே வேண்டும். ஒளியும் மணமும் அறியும் அணுக்கள், திரும்புவதா போவதா என்று முடிவெடுக்க உதவும் இடத்தில் வேண்டும். ஒவ்வொன்றும் நரம்பைக் கேட்கும். கோடிக்கணக்கான தலைமுறைகளில் அந்த முனை கனத்துக்கொண்டே போனது.

இது நடந்ததற்கான தடயம் பல உடம்புகளில் இன்னும் இருக்கிறது. மண்ணில் வாழும் சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். அவற்றின் முக்கியத் திரட்சி தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. பூச்சிகளிலும் இறாலிலும் உணவுக்குழாய் நரம்புத் திரட்சியின் நடுவே நுழைந்து போகிறது. கணவாயின் மூளையில் நாம் பார்த்த ஓட்டையும் இதுதான். வாய்க்கு மோதிரம் போட்டதுபோல் அந்த நரம்புகள் பிறந்தன. பின்னாளில் எவ்வளவு பெருத்தாலும் அந்த மோதிரத் துளை அடைபடவில்லை. பாதுகாப்பையும் கண்ணியத்தையும் பார்த்து இடம் ஒதுக்கியிருந்தால் யாரும் மூளைக்கு நடுவே சாப்பாட்டு வழியைப் போட்டிருக்க மாட்டார்கள். நம் தொண்டை மூளைக்குக் கீழே தனியாகப் போவதற்குக் காரணம், நம் முன்னோர் வரிசையில் வாய் உடம்பின் மறுபக்கத்தில் திறந்ததுதான். பூச்சிக்கு நரம்புத்தண்டு வயிற்றுப் பக்கம், நமக்கு முதுகுப் பக்கம். 1822இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ழொப்ருவா செந்திலேர் சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டுப் பார்த்து, இது நம் உடம்பைக் கவிழ்த்த அமைப்பல்லவா என்றார். அன்று பலர் ஏற்கவில்லை. முதுகு எது வயிறு எது என்று குறிக்கும் மரபணுக்கள் ஈயிலும் தவளையிலும் தலைகீழாக இயங்குவதை 1990களில் கண்ட பிறகு அவர் சொன்னதற்கு மதிப்பு வந்தது. மேலும் கீழும் புரண்டன. முன் மட்டும் புரளவில்லை.

முன்முனை என்ற குறியீடுதான் மூளையை வரவழைக்கிறது என்பதைச் சோதனைச்சாலையிலேயே பார்க்கலாம். பிளனேரியா என்ற தட்டைப்புழுவை வெட்டினால் தலைத்துண்டுக்கு வாலும் வால்துண்டுக்குத் தலையும் முளைக்கும். வெட்டுவாயில் எது முன், எது பின் என்று அணுக்களுக்கு எப்படித் தெரிகிறது? பின்பக்கம் என்று அறிவிக்கும் ஒரு புரதச் செய்தி உடம்பில் ஓடுகிறது. பீட்டா கேட்டனின் என்ற புரதத்தின் உற்பத்தியை நிறுத்தி அந்தச் செய்தியை 2008இல் அடைத்துப் பார்த்தார்கள். வால் முளைக்க வேண்டிய இடத்திலும் தலை முளைத்தது. சில புழுக்களில் உடம்பின் விளிம்பெல்லாம் கண்களும் தலைகளும் வந்தன, தலைதோறும் மூளை. பின் என்ற அறிவிப்பு நின்றதும் எல்லா இடமும் முன் ஆயிற்று. முன் ஆன இடமெல்லாம் மூளை வந்தது. உச்சியும் ஓடும் இல்லாத புழு அது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது. அதன் ஐந்து கைகளுக்குத் தலை எங்கே, உடல் எங்கே என்று விலங்கியலாளர்கள் நூறு வருடத்துக்கு மேல் குழம்பினார்கள். தலைப்பகுதியை மற்ற விலங்குகளில் குறிக்கும் மரபணுக்கள் எங்கே இயங்குகின்றன என்று 2023இல் அதன் தோல் முழுக்கத் தேடியபோது, ஒவ்வொரு கையின் நடுக்கோட்டிலும் அவை இயங்கின. உடற்பகுதிக்கான மரபணுக்கள் தோலில் காணோம். மரபணுக் கணக்கில் அது கிட்டத்தட்ட முழுக்கத் தலை. மூளை இல்லாத முழுத் தலை. தலை என்பது மூளைக்குக் கட்டிய வீடு என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நகர்வது நின்றால் என்ன ஆகும் என்பதையும் கடல் காட்டுகிறது. படகின் அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கொட்டலசு, குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரியும். பிறகு தலையைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள் மல்லாந்து கிடந்து, காலால் உணவை வாரித் தின்று ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். டார்வின் எட்டு வருடம் இவற்றையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்பீச்சி என்ற இன்னொரு கடலுயிரின் குஞ்சுக்கு ஒளியறியும் புள்ளியும் சமநிலை அறியும் மணியும் கொண்ட சிறு மூளை உண்டு. பாறையில் ஒட்டியதும் வாலோடு அதுவும் கரைந்து, வளர்ந்த உடம்புக்கு ஒரு சாதாரண நரம்பு முடிச்சு மிஞ்சுகிறது. முன்னே போக வேண்டிய தேவை தீர்ந்ததும் முன்முனையின் செல்வாக்கும் போயிற்று.

அரசன் என்ற சொல்லையும் விடக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்க்கிஸ் 1912இல் ஒரு மண்புழுவை டி வடிவப் பாதையில் பழக்கினார். ஒரு பக்கம் போனால் மின்னதிர்ச்சி, மறுபக்கம் போனால் இருட்டும் ஈரமும். புழு கற்றுக்கொண்டது. மூளை இருக்கும் முன்கண்டங்களை வெட்டி எடுத்த பிறகும் கற்றது மறக்கவில்லை. 1962இல் ஹாரிட்ஜ் என்ற விலங்கியலாளர் தலையற்ற கரப்பான்பூச்சியின் காலைத் தொங்கவிட்டு, கால் தாழ்ந்தால் அதிர்ச்சி கொடுத்தார். தலையில்லாமலே கால் உயர்த்தியிருக்கக் கற்றது. பேய்க்கணவாயின் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் இருக்கின்றன. நம் குடலில் மட்டுமே 10 கோடிக்கும் குறையாத நரம்பணுக்கள். மண்டைக்குள் 8,600 கோடி இருப்பது உண்மைதான். அதன் வேலை மகத்தானதுதான். ஆனால் மூளை ஆட்சி செய்ய வந்து அமர்ந்த இடம் அல்ல அது. வாசலில் வேலை பெருத்ததால் வளர்ந்த கூடம்.

இவ்வளவு குறையுள்ள இடம் என்றால் பிறகாவது பரிணாமம் மூளையை மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இயற்கைத் தேர்வு ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை செய்கிறது. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே திருத்திக் கட்டுகிறவன் அஸ்திவாரத்தை இடம் மாற்ற முடியாது. ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பு மூளையடியிலிருந்து கிளம்பி, பக்கத்திலிருக்கும் குரல்வளைக்கு நேரே போகாமல், நெஞ்சுவரை இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, கழுத்து நெடுக மேலேறித்தான் சேர்கிறது. மீனாக இருந்தபோது அது நேர் வழி. காலன் பன்றியில் அறுத்தது இந்த நரம்பைத்தான். ஒரு நரம்பையே திருப்பிவிட முடியாதபோது, கண், மூக்கு, வாய், தாடை எல்லாவற்றோடும் பின்னிப் பிணைந்து உருவாகும் மூளையை எங்கே கொண்டுபோவது?

எளிமைக்காகத்தானே அரசன் என்கிறோம், குழந்தைக்கு இத்தனையும் சொல்ல முடியுமா என்றும் கேட்கிறார்கள். எறும்பு போவதை ஐந்து நிமிடம் பார்க்கும் குழந்தைக்குச் சரியான பதில் தானே புரியும்: அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மீசை. இதைவிட எளிமையான பாடம் எனக்குத் தெரியவில்லை. அரசன் கதையோ எளிமையோடு நிற்பதில்லை. மேலே இருப்பது ஆளப் பிறந்தது, கீழே இருப்பது சுமக்கப் பிறந்தது என்ற எண்ணத்தை உடம்பிலிருந்தே ஊட்டிவிடுகிறது. நம் நாட்டில் அது வெறும் உவமையாக இருந்ததில்லை. முகத்திலிருந்து ஒருவரும் பாதத்திலிருந்து ஒருவரும் பிறந்தார்கள் என்று புருஷ சூக்தம் சொன்னதை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்து, காலங்காலமாக வலியைக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் உயர்வு தாழ்வைக் காட்டும் வரைபடத்தை அறிவியல் வகுப்பிலாவது தூக்கிப் பிடிக்காமல் இருப்போம். அப்படி ஒரு வரைபடத்தை இயற்கை போடவில்லை. பாதமும் தலையும் ஒரே புழுவின் இரண்டு பக்கங்களிலிருந்து வளர்ந்தவை.

தாயின் வயிற்றில் மூன்றாம் வாரக் கடைசியில் கரு ஒரு சின்ன இலைபோல் கிடக்கிறது. நீளம் சில மில்லிமீட்டர். உச்சி, அடி என்று அதற்கு எதுவும் இல்லை. எலும்பு ஒரு துளிகூட இல்லை. இதயம் அப்போதுதான் துடிக்கத் தொடங்குகிறது. முதுகோரத்தில் நரம்புத் தகடு ஒன்று மடிந்து குழாயாகப் போகிறது. மடிவதற்கு முன்பே அந்தத் தகட்டின் ஒரு முனை மற்றதைவிட அகன்றிருக்கிறது. அகன்ற முனைதான் முன். சுமார் 25ஆம் நாள் குழாயின் முன்திறப்பு மூடும், கண் பிதுங்கும், வாய்க்குழி அதன் அடியில் தோன்றும். மண்டையோட்டின் எலும்பு அதற்குப் பல வாரம் கழித்தே ஆங்காங்கே புள்ளியாக விழ ஆரம்பிக்கும். பிறந்த பிறகும் அந்த வேலை முடிந்திருப்பதில்லை. குளிப்பாட்டிய பிள்ளையை மடியில் போட்டு உச்சிக்குழியில் எண்ணெய் வைக்கும் பாட்டியின் உள்ளங்கையில், எலும்புகள் இன்னும் வந்து சேராத இடைவெளியில், தோலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருக்கிறது மூளை. எலும்பு அங்கே வந்துசேர இன்னும் ஒன்றரை வருடம் ஆகும்.